சுடுநீரில் வாழும் வைரஸ்... அதன் 'ஆயுதம்' நமக்கு மருந்தாகுமா?

செம்பவாங் வெந்நீர் ஊற்றுக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே ஊறும் நீரின் வெப்பம் சுமார் 70 டிகிரி செல்சியஸ். முட்டையே அவிக்கலாம்!

அவ்வளவு சூட்டிலும் சுகமாக வாழும் பாக்டீரியாக்கள் உண்டு. ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றுகளில் இருக்கும் 'தெர்மஸ்' அவற்றில் ஒன்று.

அதற்கும் ஓர் எதிரி இருக்கிறது. பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ். பெயர் 'பேஜ்'. பயப்பட வேண்டாம், மனித உயிரணுக்களை அது தாக்காது.

எப்படி உடைக்குது?

பேஜ் தன் மரபணுவை பாக்டீரியாவுக்குள் செலுத்தும். உடனே அந்த பாக்டீரியா, வைரஸைத் தயாரிக்கும் தொழிற்சாலையாக மாறிவிடும். சரி, உள்ளே பெருகிய வைரஸ்கள் வெளியே வரணுமே?

பல பேஜ்கள் கையாளும் வழி இது:

- 'ஹோலின்' எனும் புரதம், பாக்டீரியாவின் உட்சவ்வில் ஓட்டை போடுகிறது.
- அந்த ஓட்டை வழியாக 'எண்டோலைசின்' எனும் நொதி சென்று செல்சுவரை வெட்டுகிறது.
- சுவர் பலமிழந்ததும், உள்ளே இருக்கும் அழுத்தம் தாங்காமல் பாக்டீரியா வெடிக்கிறது.

இதில் நமக்கு என்ன?

மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 1.27 மில்லியன் பேர் நேரடியாக உயிரிழந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. புதிய ஆயுதங்கள் அவசரமாகத் தேவை.

எண்டோலைசின் அப்படியோர் ஆயுதமாகலாம். ஆனால் ஒரு சிக்கல். மருத்துவமனைகளில் தொல்லை தரும் அசினெட்டோபேக்டர், சூடோமோனாஸ் போன்றவற்றுக்குச் செல்சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வும் உண்டு. வெளியிலிருந்து வரும் பெரும்பாலான நொதிகளை அது தடுத்துவிடும்.

இங்கேதான் சுடுநீர் வைரஸ் கவனம் ஈர்க்கிறது. தெர்மஸ் பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு பேஜிலிருந்து 'டிஎஸ்2631' எனும் நொதி கிடைத்தது. அதன் முனையில் நேர்மின்னூட்டம் கொண்ட சிறு பகுதி இருக்கிறது. அதன் துணையோடு வெளிச்சவ்வைத் தாண்டி, மருந்துகளை எதிர்க்கும் அந்த பாக்டீரியாக்களையும் அந்த நொதி அழித்ததாக 2019இல் வெளியான ஆய்வு கூறியது.

இன்னொரு பலம்: கடும் சூட்டிலும் அது எளிதில் சிதைவதில்லை. சாதாரணப் புரதங்கள் சூட்டில் கெட்டுவிடும். சூடு தாங்கும் நொதியைச் சேமிப்பதும் கொண்டுசெல்வதும் சுலபம்.

அப்போ மருந்து ரெடியா?

இல்லை. ஆய்வுக்கூடத்தில் வெல்வது வேறு, உடலுக்குள் வெல்வது வேறு. வெளியிலிருந்து வரும் புரதத்தை நம் நோய் எதிர்ப்பாற்றலே எதிர்க்கலாம். பாதுகாப்பானதா, எவ்வளவு கொடுக்கலாம் என்பதையெல்லாம் மனிதர்களிடம் சோதித்து உறுதிசெய்ய வேண்டும்.

அதுவரை, கையில் இருக்கும் மருந்துகளை வீணாக்காமல் இருப்பது நம் வேலை. சாதாரணச் சளிக்கு 'ஆண்ட்டிபயாட்டிக் கொடுங்க' என்று மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். சளிக்குக் காரணம் பெரும்பாலும் வைரஸ். அதை ஆண்ட்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. தேவையில்லாமல் எடுத்தால், பாக்டீரியாக்கள் அந்த மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்ளத்தான் அது உதவும்.