பந்துக்கு இல்லாத தீட்டு கோப்பைக்கு எப்படி வந்தது?

"விளையாட்டில் ஜாதி இல்லை, மதம் இல்லை" என்பதாக ஒரு பேச்சு வெகு காலமாய் நம் நாட்டில் நடமாடி வருகின்றது. பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கங்களில் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் மட்டையும் பந்துமாய் நிற்கும் வாலிபர்களைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுகின்றார்கள். மனதாரத்தான் சொல்லுகின்றார்கள். அவர்கள் பேரில் நமக்குக் குறையில்லை. அவர்களுக்கு இப்பாடத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டுத் தாங்கள் மாத்திரம் வேறு விதமாய் நடந்துகொண்ட பெரிய மனிதர்களைப் பற்றித்தான் இன்று நாலு வார்த்தை எழுத வேண்டியிருக்கின்றது.

முதலில் அந்தக் கிரிக்கட் பந்தையே எடுத்துக் கொள்ளுவோம். அது என்ன? மாட்டுத் தோல். தோலைப் பற்றி நம் பக்கத்தவர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோல் கம்பெனியால் வந்த பெயர். நாகல்கேணியிலும் பம்மலிலும் தோல் பதனிடும் வேலை எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கின்றது. அந்த வேலையின் நாற்றம் எப்படி, அதைச் செய்கின்றவனை ஊர் எந்தக் கண்ணால் பார்த்தது என்பதெல்லாம் நாம் அறிந்ததே. வடக்கே மீரத்தில் பந்து தைத்துப் பிழைப்பவர்களில் பெரும்பாலோரும் தாழ்த்தப்பட்ட மக்களேயாவார்கள். அவர்கள் உரித்து, பதனிட்டு, ஊசி குத்தித் தைத்த பந்தைப் பூணூல்காரர் கையில் எடுத்தார். எடுத்ததோடு நில்லாமல் எச்சில் தொட்டுத் தேய்த்து மெருகும் ஏற்றினார். அப்போது எந்தச் சாஸ்திரமும் குறுக்கே வரவில்லை. ஆட்டம் முடிந்து தேநீர் வந்தவுடன் சாஸ்திரம் எங்கிருந்தோ ஓடி வந்து விட்டது!

பல்வங்கர் பாலு என்ற ஒருவருடைய சரித்திரத்தைப் பார்த்தால் நாம் சொல்லுவது விளங்கும்.

பாலு 1876இல் தார்வாரில் பிறந்தவர். தோல் வேலை செய்பவர்கள் என்று ஒதுக்கப்பட்ட ஜாதி. பல்வங்கர் என்பது கொங்கணத்தில் அவர்கள் குடும்பத்தின் கிராமப் பெயரையொட்டி வந்தது. பூனாவில் முதலில் பார்சிக்காரர்கள் மைதானத்தையும், பிறகு வெள்ளைக்காரர்கள் சங்க மைதானத்தையும் பெருக்கி, உருளை இழுத்து, மாதம் மூன்று நான்கு ரூபாய் சம்பளம் வாங்கினார். வெள்ளைக்காரத் துரைமார் பழகிக்கொள்ளுவதற்காக அவரைப் பந்து வீசச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் பந்து வீசினார். மட்டையை மாத்திரம் அவர் கையில் கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது எஜமானர்கள் வேலை, பந்து போடுவது கூலிக்காரன் வேலை என்பது அவர்கள் எண்ணம். வெள்ளைக்காரன் நீதிமான் என்று நினைத்துக் கொண்டிருப்பவர்கள் இதையும் குறித்துக் கொள்ளட்டும்.

பாலுவின் இடது கைச் சுழற்பந்துக்கு முன் நல்ல நல்ல ஆட்டக்காரரெல்லாம் திணறுவதைப் பார்த்த பூனா ஹிந்துக்களுக்கு ஒரு தர்மசங்கடம் வந்துவிட்டது. வெள்ளைக்காரரை ஜெயிக்கவும் ஆசை, ஆசாரம் கெடாமல் இருக்கவும் ஆசை. என்ன செய்தார்கள்? பாலுவைச் சேர்த்துக் கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். இடைவேளையில் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பையில் தேநீர். பாலுவுக்கு வெளியே, குடித்தவுடன் உடைத்தெறியும் மண் குவளையில் தேநீர். சாப்பாடு தனி மேஜையில். கை கழுவத் தண்ணீர் ஊற்றுவதற்குக்கூட அவர் ஜாதியைச் சேர்ந்த வேலைக்காரன் தேவைப்பட்டான். நம் ஊர்களில் கொட்டாங்கச்சியில் தேநீர் ஊற்றின கதையையும் இரட்டைக் குவளைக் கதையையும் கேட்டவர்களுக்கு இது அதிசயமாய் இராது. இரண்டு புத்தியும் ஒரு சூளையில் வெந்ததுதான்.

நிற்க, பாலு 1896 வாக்கில் பம்பாய்க்குப் போய் ஹிந்து ஜிம்கானாவுக்காக ஆடினார். 1906இல் ஹிந்துக் குழு ஐரோப்பியக் குழுவைத் தோற்கடித்த போது அதற்கு முக்கிய காரணமானவர்களில் அவர் ஒருவர். 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்துக்குப் போன முதல் அகில இந்தியக் குழுவில் பாலு 114 விக்கட்டுகள் எடுத்தார். ஒரு விக்கட்டுக்கு அவர் கொடுத்த ஓட்டம் சராசரி 18.84. அக்குழுவில் அதிக விக்கட்டுகள் எடுத்தவர் அவரே.

நமதூர் அகஸ்தீஸ்வரர் கோயிலை வட திருநள்ளாறு என்று சொல்லிச் சனிக்கிழமை தோறும் எள் விளக்கேற்ற வருகின்ற அன்பர்களை இந்த இடத்தில் ஒன்று கேட்க ஆசைப்படுகின்றோம். அந்த 114 விக்கட்டும் விழுந்த போது பாலுவின் ஜாதகத்தில் சனி எந்த வீட்டில் இருந்தார்? இத்தனை விக்கட்டுகளைக் கொடுத்த சனிக்கு, ஹிந்துக் குழுவின் தலைமைப் பதவியை மாத்திரம் கொடுக்கத் தெரியாமல் போனதேன்? பதவியைக் கொடுக்காதது சனியுமல்ல, குருவுமல்ல. கமிட்டி! ஆண்டுதோறும் பாலுவின் பெயர் பிரஸ்தாபத்துக்கு வரும். ஆண்டுதோறும் ஒரு மேல் ஜாதிக்காரர் தலைவராவார். 1920இல் பாலுவைக் குழுவை விட்டே நீக்கி, அவர் தம்பி விட்டலுக்கும் தலைமை இல்லை என்றார்கள். அப்போது விட்டலும் மற்றொரு தம்பியாகிய சிவராமும் "எங்களுக்கு உங்கள் ஆட்டம் வேண்டாம்" என்று விலகி நின்றார்கள். அதன் பிறகே பாலுவுக்கு உதவித் தலைவர் பதவி வந்தது. விட்டல் தலைவரானது 1923இல். கெஞ்சிக் கேட்ட காலத்தில் வராதது விலகி நின்ற பிறகு வந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகின்றோம்.

இது நம் நாட்டு வியாதி மாத்திரமல்ல. அமெரிக்காவில் கூடைப்பந்து ஆட்டத்தில் பில் ரஸ்ஸல் என்ற கருப்பு வீரர் பதின்மூன்று ஆண்டுகளில் பதினொரு முறை தம் குழுவுக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்தவர். 1961இல் கென்டக்கி மாகாணத்து லெக்சிங்டன் நகரில், தங்கியிருந்த ஓட்டலின் காப்பிக் கடையில் அவர் தோழர்களுக்குப் பரிமாற மறுத்தார்கள். ரஸ்ஸலும் மற்றக் கருப்பு ஆட்டக்காரர்களும் அன்றிரவு ஆட மறுத்து ஊர் திரும்பி விட்டார்கள். அங்கே காப்பி, இங்கே தேநீர்! உலகத்தில் எங்கே பார்த்தாலும் மேல் ஜாதித்தனம் குடிக்கின்ற பாத்திரத்துக்குள்தான் ஒளிந்து கொண்டிருக்கும் போலிருக்கின்றது.

அந்த நாட்டில் இன்னொருவர் கரீம் அப்துல் ஜப்பார். 7 அடி 2 அங்குல உயரம். அவர் ஆடிச் சேர்த்த 38,387 புள்ளிகளை 2023 வரையில் யாரும் தாண்டவில்லை. பிறந்த போது அவருக்கு இட்ட பெயர் வேறு. லூ அல்சிண்டர் என்பது அது. அந்த அல்சிண்டர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று அவர் விசாரித்தார். தம் முன்னோர்களை டிரினிடாடில் அடிமைகளாய் வைத்திருந்த பிரெஞ்சுத் தோட்டக்காரனுடைய பெயர் என்று தெரிந்தது. கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவர் 1968இல் இஸ்லாத்தைத் தழுவி, 1971இல் அந்தப் பெயரையும் பகிரங்கமாய் விட்டொழித்தார். ரசிகர்களில் அநேகர் கோபித்துக் கொண்டார்கள். 1968 ஒலிம்பிக்குக்குப் போக மறுத்ததற்கும் வைதார்கள். நாட்டுக்காக ஆடு என்றவர்கள், அந்த நாடு அவர் ஜனங்களுக்கு என்ன செய்தது என்று கேட்க மாத்திரம் விடவில்லை.

"ஒரு மதத்தை விட்டு இன்னொரு மதத்துக்குப் போனவரைப் பகுத்தறிவுக்காரர்கள் புகழலாமா?" என்று சில தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். எந்த மதத்தின் வேதத்தையும் நாம் சிபாரிசு செய்யவில்லை. ஒரு கதவைத் திறந்து வெளியே வந்தவன் இன்னொரு கதவுக்குள் நுழைந்தால், அந்த இரண்டாவது வீட்டைப் பற்றியும் நம் கேள்விகளைக் கேட்டுக் கொண்டுதான் இருப்போம். ஆனால் "என் பெயர் யாருடைய பெயர்? என் முதுகில் யாருடைய முத்திரை?" என்று ஒருவன் கேட்கத் துணிந்தானானால் அந்தக் கேள்வி நமக்குச் சொந்தமான கேள்வி. 1929இல் இதே ஜில்லாவில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாட்டில், பெயரின் வாலில் தொங்கும் ஜாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானித்தார்களே, அன்று கேட்டதும் இதைத்தான்.

கரீம் பெயரை மாற்றியதோடு நின்றிருந்தால் நாம் இவ்வளவு எழுதமாட்டோம். ஆட்டம் ஓய்ந்த பிறகு பேனாவை எடுத்தார். கருப்பு மக்களின் வீரர்கள், இரண்டாம் உலக யுத்தத்தில் சண்டை செய்த கருப்பு டாங்கிப் படை, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1923இல் தோன்றிய கருப்புக் கூடைப்பந்துக் குழு ஆகிய இவற்றையெல்லாம் புத்தகங்களாக எழுதினார். தன் ஜனங்களின் சரித்திரத்தைப் பிறர் எழுதிக் கொடுப்பார்கள் என்று காத்திருக்கவில்லை.

நம் பாலுவின் சரித்திரமோ? அவர் 1955இல் காலமானார். அவர் கதையை ராமச்சந்திர குஹா 2002இல் வெளியிட்ட கிரிக்கட் சரித்திரத்தில் விரிவாய் எழுதிய பிறகுதான் படித்தவர்களில் பலருக்கே அவர் பெயர் தெரிய வந்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைக் கேட்டிருக்கின்றார்கள்? மகாராஜாக்கள் பெயரில் கோப்பை இருக்கின்றது. மைதானத்தைப் பெருக்கியவர் பெயரைச் சொல்ல நாதியில்லை.

பாலுவைத் தெய்வமாக்கும்படி நாம் கேட்கவில்லை. அவரிடத்திலும் நமக்குப் பிடிக்காத காரியம் உண்டு. டாக்டர் அம்பேத்கர் தம் இளமையில் பாலுவைத் தம் மக்களின் பெருமையாய்க் கருதியவர். அதே பாலு 1932இல் தனித்தொகுதி விஷயத்தில் பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜாவோடு சேர்ந்து அம்பேத்கருக்கு எதிரே நின்றார். 1937 தேர்தலில் காங்கிரஸ் அவரையே அம்பேத்கருக்கு எதிராய் நிறுத்தியது. சுமார் 2,000 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். குழுவுக்குத் தலைவராக்க மனமில்லாத மேல் ஜாதியாருக்கு, தாழ்த்தப்பட்டோரின் தலைவரைத் தோற்கடிக்க அவர் தேவைப்பட்ட போது மாத்திரம் அவர் பெருமையெல்லாம் ஞாபகத்துக்கு வந்ததைப் பாருங்கள்! பாலு ஏன் சம்மதித்தார் என்பது வேறு விஷயம். மண் குவளையில் குடித்து வளர்ந்தவனுக்குப் பீங்கான் கோப்பையை நீட்டினால் கை தானாய் நீளும் என்பது நம் அபிப்பிராயம்.

"அதெல்லாம் பழங்கதை" என்பார்கள். 2021இல் டோக்கியோவில் ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் இந்தியப் பெண் வந்தனா கட்டாரியா. அடுத்த சில நாளில் நம் பெண்கள் அரையிறுதியில் தோற்றவுடன் ஹரித்வாரில் அவர் வீட்டு வாசலில் சிலர் வெடி கொளுத்தி, ஜாதியைச் சொல்லி வைதார்கள். தோல்விக்குக் காரணம் குழுவில் அந்த ஜாதியார் அதிகமாய்ச் சேர்ந்ததுதானாம்! ஜெயித்தால் பாரத மாதாவின் மகள், தோற்றால் இன்ன ஜாதிப் பெண். இதுதான் "விளையாட்டில் ஜாதி இல்லை" என்பதன் யோக்கியதை.

ஆகையால், நமது பக்கத்து ஊர்களில் பந்தயம் நடத்துகின்ற வாலிபர் சங்கத் தோழர்களை ஒன்று கேட்டுக் கொள்ளுகின்றோம். அடுத்த பந்தயத்துக்குக் கோப்பை வாங்கும்போது அதில் பாலுவின் பெயரைப் பொறியுங்கள். ஏன் அந்தப் பெயர் என்று கேட்கின்றவர்களுக்கு மண் குவளைக் கதையைச் சொல்லுங்கள். இன்னும் ஒன்று. உங்கள் ஊரில் ஊர்க் குழு என்று ஒன்றும், காலனிக் குழு என்று ஒன்றும் தனித்தனியாய் இருக்கின்றதா? இருந்தால், இரண்டு குழுவும் ஆடுகின்ற அன்று பந்து ஒன்றா, இரண்டா? தண்ணீர்ப் பானை ஒன்றா, இரண்டா? எண்ணிப் பார்த்து நமக்கு எழுதுங்கள்.