வெயிலுக்கு அஞ்சாத கேழ்வரகு

தாவரவியல் வகுப்பில் கேழ்வரகு இலையைக் குறுக்கே மெல்லிசாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் காட்டுவேன். நரம்பைச் சுற்றிக் கரும்பச்சை செல்கள் வளையம் கட்டி நிற்கும். நெல் இலையில் அந்த வளையம் வெளிறியிருக்கும்.

அந்த வளையம் எதற்கு? ஒளிச்சேர்க்கையில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதி, வெப்பம் ஏறினால் ஆக்சிஜனையும் கூடுதலாகப் பிடித்துவிடும். நெல்லுக்கு அதனால் இழப்பு. கேழ்வரகோ, கார்பன் டை ஆக்சைடை முதலில் நான்கு கார்பன் அமிலமாக்கி, அந்த வளையத்துக்குள் கொண்டுபோய்த்தான் ரூபிஸ்கோவிடம் விடுகிறது. கம்பு, சோளம், கரும்பும் இப்படித்தான். 1966இல் ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் இருவரும் இந்த வழியை விளக்கினார்கள்.

இதை நெல்லுக்குள் புகுத்த விஞ்ஞானிகள் பாடுபடுகிறார்கள், வரவேற்கிறேன். ஆனால், இந்த வித்தை கைவந்த பயிர்கள் நம் மானாவாரிக் காடுகளிலேயே இருக்கின்றனவே! கேழ்வரகையும் கம்பையும் நெல்லைப் போலவே ஊர்தோறும் அரசு கொள்முதல் செய்ய வேண்டும்.