வரிப்பந்தும் இற்செறிப்பும்

மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு டென்னிஸ் வகுப்பு நடக்கிறது. என் தங்கை மகளை மாலையில் அங்கே கொண்டுபோய் விட்டு, அழைத்துவருவது என் வேலை. ஆறு, ஏழு வயதுக் குழுவில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சரிபாதி. பதின்மூன்று, பதினான்கு வயதுக் குழுவில் ஒரே ஒரு பெண். மற்றவர்கள் எங்கே போனார்கள்?

சிறுபிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கும் முறையே இப்போது மாறியிருக்கிறது. பெரியவர்களின் களம் 23.77 மீட்டர் நீளம். அதில் ஏழு வயதுப் பிள்ளையை நிறுத்தினால் பந்து தலைக்குமேல் எழும்பிப் போகும். பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வரும். அதனால் முதலில் வேகம் குறைந்த சிவப்புப் பந்து, 11 மீட்டர்க் களம், தாழ்ந்த வலை. வளர வளர ஆரஞ்சு, பச்சை, பிறகுதான் மஞ்சள். 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்து கூடாதென்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு விதியே செய்துவிட்டது. பிள்ளை வளர்ந்தால் களமும் வளரும். இந்த நியாயத்தைத்தான் நாம் பெண்பிள்ளைகளுக்குத் தலைகீழாக நடத்துகிறோம். அவள் வளர வளரக் களம் சுருங்குகிறது.

"வயசுக்கு வந்துட்டா டீச்சர். வெயில்ல ஆடி ஏற்கெனவே கருத்துப் போயிட்டா. அவுக அப்பா போதும்ங்கிறாக" என்றார் ஒரு தாய். மகளுக்குப் பன்னிரண்டு வயது.

தாவணி என்றால் மாடு கட்டும் கயிறு, மாட்டுச் சந்தை. சடங்கு வைத்துப் பெண்ணுக்குப் போடும் தாவணி வேறு சொல் என்று மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. சங்கப் பாடல்களில் பெண்பிள்ளை கையில் வரிப்பந்து இருக்கும். சில பாடல்கள் தள்ளி அவளை வீட்டுக்குள் அடைத்திருப்பார்கள். அதற்கு இற்செறிப்பு என்று பெயர் வைத்து, அழகான துறையாக்கி, ஐந்து மதிப்பெண் வினாவும் கேட்கிறோம்.

டென்னிஸ் பணக்கார விளையாட்டு, அதற்காகவா சண்டை என்று தோழிகள் கேட்கிறார்கள். மட்டையின் விலை எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் களத்தில் ஒரு வழக்கம் உண்டு. நடுவர் இல்லாத ஆட்டத்தில், தன் பக்கம் விழுந்த பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று ஆடுகிறவரே சொல்லவேண்டும். அந்தப் பன்னிரண்டு வயதுக்காரி ஒருநாள் ஒரு பையனின் பந்தை "அவுட்" என்றாள். அவன் முறைத்தான். சுற்றி நின்ற பெரியவர்களும் முணுமுணுத்தார்கள். அவள் மறுபடி, முன்னைவிடச் சத்தமாக, "அவுட்" என்றாள். புள்ளி அவளுக்கு. நாற்பது வயதைத் தாண்டிய நான், துறைக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை மறுத்துப் பேச இன்னும் தொண்டையைச் செருமிக்கொள்கிறேன். வேறெங்கே நம் பெண்பிள்ளைக்கு, அவள் கண் கண்டதே தீர்ப்பு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்?

ஓப்பன் யுகத்தில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் கோவையின் நிருபமா வைத்தியநாதன். 1998, ஆஸ்திரேலிய ஓப்பன். பயிற்றுவித்தவர் அவருடைய தந்தை, கிரிக்கெட் வீரர். எல்லாரும் பாராட்டும் கதை. எனக்கோ இந்த "நல்ல அப்பா" கதைகளில் பயம்தான் மிஞ்சுகிறது. மனம் வைத்த அப்பா கிடைத்தால் மெல்போர்ன். இல்லாவிட்டால்? 2025 ஜூலையில் குருகிராமில், டென்னிஸ் பயிற்சி அளித்துவந்த 25 வயது வீராங்கனை தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கைதானவர் தந்தை. மகள் சம்பாத்தியத்தில் வாழ்கிறாய் என்ற ஊராரின் ஏளனம் தாங்கவில்லை என்று அவர் சொன்னதாகக் காவல்துறை தெரிவித்தது. மகளின் ஆட்டத்தை அப்பாவின் தயவில் விட்டுவைத்திருக்கும் வரை, மெல்போர்னுக்கும் குருகிராமுக்கும் வழி ஒரே வாசலிலிருந்துதான் பிரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாயும் கணவரும் சடங்குப் பத்திரிகையோடு வந்தார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்றாம். அந்தத் தொகையில் ஐந்தாறு மாதம் பயிற்சிக் கட்டணம் கட்டியிருக்கலாம். "சடங்கு முடிஞ்ச மறுவாரம் பிள்ளையை ஆட அனுப்புறேன்னு சொல்லுங்க, கட்டாயம் வர்றேன்" என்றேன். அவர் பதில் சொல்லாமல் காபியைக் குடித்து முடித்தார். தாய் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

நான் மொய் எழுதப் போகப்போவதில்லை.