சாயம் பூசியது போதும். கணக்குச் சொல்லிக் கொடுங்கள்!

பல்கலைக் கழக மாணவர்கள் சமூகத் தொண்டு செய்வதற்காகப் பஸ் ஏறித் தோட்டத்துக்கு வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. காலை ஒன்பது மணிக்கு வந்து இறங்குகிறார்கள். எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை. தமிழ்ப் பள்ளிச் சுவருக்குச் சாயம் பூசுகிறார்கள். கோயிலைச் சுற்றிப் புல் வெட்டுகிறார்கள். வயதானவர்களுக்கு அரிசியும் மைலோவும் கொடுக்கிறார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாலு மணிக்கு பஸ் புறப்பட்டுவிடுகிறது.

அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்ல வரவில்லை. வெயிலில் நின்று உழைத்தவர்களைப் பரிகாசம் செய்வது நம்முடைய பண்பல்ல. ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. சாயம் பூச நமக்குத் தெரியாதா? புல் வெட்ட நமக்கு ஆள் இல்லையா? நாள் முழுவதும் அதைத்தானே செய்கிறோம்! நமக்குத் தெரியாததும் அவர்களுக்குத் தெரிந்ததுமான ஒன்று உண்டு. அதுதான் கணக்கு. வர்த்தகக் கல்வி படிக்கும் மாணவர் கையில் சாயத் தூரிகையைக் கொடுப்பது, தச்சனைக் கூப்பிட்டுத் தண்ணீர் இறைக்கச் சொல்வதற்குச் சமம்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன் என்றால், என் சொந்தப் பேனாவே ஒரு முறை சாட்சிக் கூண்டில் ஏறிற்று.

அப்படி வந்த ஒரு கூட்டத்தில் ஒரு பெண் இருந்தாள். வர்த்தகப் பிரிவில் இரண்டாம் ஆண்டு. அவளுடைய பாட்டி பால்மரம் வெட்டியவர். மற்றவர்கள் போன பிறகு அவள் மட்டும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். கோயில் மண்டபத்தில் பாயை விரித்து உட்கார்ந்து, "சம்பளச் சீட்டு இருந்தால் கொண்டு வாங்க, படிச்சுச் சொல்றேன்" என்றாள். முதல் வாரம் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் வாரம் வெளிவேலை செய்யும் ஓர் அம்மாள் பிஸ்கட் டின்னோடு வந்தார். டின்னுக்குள் ஒன்பது மாதச் சீட்டுகள். அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதிக் கூட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, மே முதல் தேதியும் மலேசிய தினமும் இவங்க வேலைக்கு வந்திருக்காங்க. ஏன் சாதாரண நாள் மாதிரி எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

எழுதியவன் நான்தான். சம்பளத்தோடு கூடிய பொது விடுமுறையில் நாட்சம்பளத் தொழிலாளியை வேலைக்கு அழைத்தால், விடுமுறைக்குரிய சம்பளத்தோடு இன்னும் இரண்டு நாள் சம்பளம் சேர வேண்டும். 1955ஆம் வருடத்து வேலைச் சட்டம் சொல்வது அதுதான். அது எனக்குத் தெரியாத விஷயமல்ல. செக்ரோலில் வரிசையாக ஒன்று, ஒன்று என்று போட்டுக்கொண்டே போன கை, அந்த இரண்டு நாளிலும் ஒன்றையே போட்டுவிட்டது. நாள் ஒன்றுக்கு 65 வெள்ளி 38 காசு வீதம் நான்கு நாள் சம்பளம்: 261 வெள்ளி 52 காசு! தொழிலாளர் தினத்துக்குக் கொடி ஏற்றிய சங்கக்காரன், அதே தினத்தில் ஒரு தொழிலாளியின் கூலியைக் குறைத்து எழுதியிருக்கிறான். நிர்வாகத்திடம் போய் என் தவறு என்று ஒப்புக்கொண்டேன். அடுத்த சம்பளத்தில் பாக்கி சேர்ந்தது. அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. "எனக்கு என்ன கிராணி தெரியும், நீங்க எழுதுறதுதானே!" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

தோழர்களே, அந்த ஒரு வாக்கியத்தில்தான் நமது பலவீனம் முழுவதும் அடங்கியிருக்கிறது. "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்று ஒரு பழமொழி உண்டு. விவசாயி தன் வயிற்றெரிச்சலில் சொன்ன பேச்சு அது. கூலிக்கு உழைப்பவனுக்கு அது பொருந்தாது. வெட்டியவன் கணக்குப் பார்க்காவிட்டால்தான் உழக்கும் மிஞ்சாது!

பால்மரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் 24 கிலோ பால் கொண்டுவந்து நிறுக்கிறார். அதில் தண்ணீர் போக ரப்பர் எவ்வளவு என்று பார்த்துத்தான் கூலி. நூற்றுக்கு 33 என்று எழுதினால் 7.92 கிலோ உலர் ரப்பர். நூற்றுக்கு 30 என்று எழுதினால் 7.20 கிலோதான். ஒரு நாளில் வித்தியாசம் முக்கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. மாதத்தில் 24 நாள் வெட்டினால் 17 கிலோவுக்கு மேல் போய்விடும். மழைக் காலத்தில் பால் நீர்த்துப்போவது இயற்கை. ஆனால் எந்த நாளில் எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைத் தொழிலாளி தாமே படித்துப் பார்க்க வேண்டாமா?

ஊழியர் சேமநிதியைப் பாருங்கள். 1,700 வெள்ளி சம்பளம் வாங்குகிறவருக்கு நூற்றுக்கு 11 வீதம் 187 வெள்ளி பிடிக்கிறார்கள். முதலாளி தம் பங்காக நூற்றுக்கு 13 வீதம் 221 வெள்ளி போட வேண்டும். மொத்தம் மாதம் 408 வெள்ளி. தம்முடைய 187 பிடிபடுவது எல்லோருக்கும் தெரியும். 221 போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தவர்கள் நம் தோட்டங்களில் எத்தனை பேர்? இப்போது கணக்கைக் கைத்தொலைபேசியிலேயே பார்த்துவிடலாம். அந்த வழியைக் காட்டிக் கொடுக்க ஒரு மாணவருக்குப் பத்து நிமிஷம் போதும். 2025 அக்டோபர் சம்பளம் முதல் அயல்நாட்டுத் தொழிலாளருக்கும் தொழிலாளி 2, முதலாளி 2 விழுக்காடு என்று சேமநிதி வந்திருக்கிறது. பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேசத்துச் சகோதரனுக்கும் நேப்பாளத்துச் சகோதரனுக்கும் அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

கடனைப் பற்றியும் பேச வேண்டும். எங்கள் தோட்டத்துத் தம்பி ஒருவன் 6,000 வெள்ளிக் கடனில் மோட்டார் சைக்கிள் எடுத்தான். "வட்டி எட்டுதான்" என்று கடையில் சொன்னார்களாம். ஐந்து வருடத்துக்கு நிலைவட்டி 2,400, மொத்தம் 8,400, மாதம் 140. ஆனால் மாதாமாதம் முதல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ முழு 6,000க்கும் ஐந்து வருடமும் ஓடுகிறது. சரியாகக் கணக்குப் போட்டால் வட்டி ஏறக்குறைய 14 விழுக்காடு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இதை யாராவது அவனுக்குச் சொல்லியிருந்தால், இன்னும் ஆறு மாதம் பொறுத்துக் கொஞ்சம் முன்பணம் சேர்த்திருப்பான். வட்டி முதலைகளிடம் மாதம் நூற்றுக்குப் பத்து என்று வாங்குகிறவர் கதையோ கேட்கவே வேண்டாம். ஆயிரம் வாங்கியவர் ஒரு வருடத்தில் 1,200 கட்டிய பிறகும் ஆயிரம் அப்படியே நிற்கிறது!

கணக்கறிவு என்பது தனி மனிதர் விஷயம் மட்டுமல்ல. நம் சமூகத்தின் சரித்திரமே அதற்குச் சாட்சி. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று, தொழிலாளர்கள் நடுத்தெருவில் நின்ற காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். அது இன்றும் நிற்கிறது. அதே சமூகத்தில் 1980களில் மைக்கா ஹோல்டிங்ஸ் வந்தது. சுமார் 66,000 பேர் 10 கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் போட்ட தோட்டத்துத் தாய்மார்களும் உண்டு. 2010இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு அவர்களிடம் நீட்டப்பட்டது 80 காசு. யார் குற்றம் என்று தீர்ப்புச் சொல்ல இந்தப் பத்தி போதாது. ஆனால் ஒன்று நிச்சயம்: போட்டவர்களில் பாதிப் பேருக்கு வருடக் கணக்கைப் படிக்கத் தெரிந்திருந்தால், கேள்விகள் இருபது வருடம் முன்னதாகவே கிளம்பியிருக்கும்.

மாணவர்கள் தொடர்ந்து வந்து உழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1982இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் பல்கலைக் கழக மாணவர்களைக் கொண்டே ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது. சொல்லிக் கொடுத்தவர்கள் ஒரு நாள் விருந்தாளிகளாக வந்து போகவில்லை. வாரா வாரம் வந்தார்கள். படித்து முன்னேறிய பிள்ளைகளில் பலர் தாங்களும் திரும்பி வந்து கற்பித்தார்கள். இந்தியாவில் குஜராத் மாநிலத்து ஆனந்தில் 1979இல் கிராம நிர்வாகத்துக்கென்றே ஒரு கல்விக்கூடம் ஏற்படுத்தினார் வர்கீஸ் குரியன். அவர் சென்னை லயோலாக் கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் படித்தவர். அங்கே நிர்வாகம் படிக்க வரும் மாணவர் கிராமத்தில் போய்த் தங்கிப் படித்தாக வேண்டும். மாடு வைத்திருப்பவன் வீட்டுத் திண்ணையில் உட்காராதவனுக்குப் பால் வியாபாரம் விளங்காது என்பதுதான் அதன் தத்துவம். நம் பாலுக்கும் அது பொருந்தும்!

அரசாங்கப் பலகையில் 2007 முதல் நம் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். நம் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். இந்த ஊரிலேயே சிலாங்கூர்ப் பல்கலைக் கழகத்தின் வளாகம் இருக்கிறது. ஒரு பக்கம் வகுப்பறை. இன்னொரு பக்கம் லயம். இடையில் மோட்டார் சைக்கிளில் போகிற தூரம். இந்த வசதி எத்தனை ஊர்களுக்குக் கிடைக்கும்?

"அந்தப் பிள்ளைகள் நாளைக்கு நிர்வாகிகள் ஆகப் போகிறவர்கள். இன்று நம்மோடு உட்கார்ந்துவிட்டு நாளை நம் கூலியையே குறைப்பார்கள்" என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். அதனால்தான் அவர்களை நாம் விடக்கூடாது என்கிறேன். நாளை சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடப் போகிறவர், ஒரு எண்ணைத் தவறாக எழுதினால் யார் வீட்டு அடுப்பு அணையும் என்பதை இப்போதே கண்ணால் பார்க்கட்டும். முதல் வேலைக்குப் போகும் இளைஞருக்கு அதைவிடப் பெரிய பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

நான் மேலே சொன்ன பெண் இப்போது ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது அவள் சொன்னது என் மனத்தில் நிற்கிறது. "அண்ணே, அங்கே எனக்கு மேலே இருப்பவர் தப்பு என்று ஒப்புக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. நீங்க ஒப்புக்கொண்டதைப் பார்த்தேன். அதனால் முதல் மாசம் நான் ஒரு தப்புப் பண்ணினபோது, மறைக்காமல் போய்ச் சொல்லிட்டேன்." என் வெட்கக்கேடு ஒருத்திக்குப் பாடமாயிற்று. இரண்டாவதாக ஒன்று சொன்னாள்: "முதல் ஞாயிறு யாரும் வராதபோது, இனி வரவேண்டாம் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது தடவை வந்ததுதான் நான் செய்த தொண்டு." மாணவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வருகையில் நீங்கள் எங்களைப் பார்க்கிறீர்கள். இரண்டாவது வருகையில்தான் நாங்கள் உங்களை நம்புகிறோம்.

ஆகவே, கிளைத் தோழர்களுக்கு என் யோசனை இது. இனிமேல் மாணவர் கூட்டம் வருகிறதென்று கடிதம் வந்தால், சாயத்துக்குப் பட்டியல் போடாதீர்கள். நான்கு ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள். முதல் ஞாயிறு அவர்கள் விடியற்காலைப் பிரட்டுக்கு வந்து, வெட்டிலும் நிறுவையிலும் கூட நிற்கட்டும். நாம் சொல்லிக் கொடுப்போம். மரம் வெட்டுகிற அக்காள்தான் அன்று ஆசிரியை. இரண்டாம் ஞாயிறு சம்பளச் சீட்டு. மூன்றாம் ஞாயிறு சேமநிதி, சொக்சோ மனுக்கள். நான்காம் ஞாயிறு கடன், கூட்டுறவுக் கணக்கு. சீட்டில் உள்ள விவரங்கள் வெளியே போகக்கூடாது. அனுமதியில்லாமல் படம் எடுக்கக்கூடாது. இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சக கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. தொழிலாளி கணக்குக் கற்றுக்கொண்டால் நமக்கு மரியாதை குறைந்துவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம். சரியாக எழுதுகிற கைக்குப் படிக்கிற கண்ணைக் கண்டு என்ன பயம்?

எங்கள் தோட்டத்துப் பள்ளிச் சுவரில் அன்று பூசிய சாயம் ஒரு மழைக்காலத்துக்குத் தாங்கியது. அந்த அம்மாளோ இப்போது மாதா மாதம் சீட்டை வாங்கியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் மேசை முன்னாலேயே நின்று, வரி வரியாக விரல் வைத்துப் படிக்கிறார். படித்து முடிக்கும் வரை நானும் எழுந்து நிற்கிறேன்.

— தோட்டக் கிராணி ஒருவர், பத்தாங் பெர்ஜுந்தாய்