வாகனப் பக்கம்: ஓப்பல் கடெற் சொல்லித்தரும் பாடம்



"ஜேர்மன் கார் என்றால் பழசானாலும் பயமில்லைத்தானே?" ஓகூஸ் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் புதிதாக வந்து குடியேறும் குடும்பங்கள் எம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கு ஒரு சொல்லில் பதில் கூற முடியாது. எனவே இம்முறை ஒரேயொரு காரை எடுத்து, அதன் பிறப்பு, ஓட்டம், வருத்தம் எல்லாவற்றையும் பார்ப்போம். அதை அறிந்துகொண்டால் எந்தப் பழைய காரையும் எப்படிப் பார்த்து வாங்குவது என்பது தானாக விளங்கும்.

நாம் எடுத்துக்கொண்டது ஓப்பல் கடெற். எண்பதுகளின் நடுப்பகுதியில் எம்மவர்கள் அகதிகளாக இந்நாட்டிற்கு வந்தபோது யூலன்ட் வீதிகளெங்கும் ஓடிய குடும்பக் கார்களில் இதுவும் ஒன்று. பஸ் ஓடத் தொடங்கமுன் தொழிற்சாலை வேலைக்குப் போகவும், கிழமை முடிவில் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு ஏற்றவும், எண்பது தொண்ணூறு கிலோ மீற்றர் தூரத்திலுள்ள ஹேர்ணிங் சித்தி விநாயகர் கோவிலுக்கோ பிரண்டே அபிராமி அம்மன் கோவிலுக்கோ குடும்பமாகப் போய்வரவும் இப்படியான ஒரு கார் வேண்டியிருந்தது. இன்றும் அதே தேவைதான். கார்தான் மாறியிருக்கிறது.

பிறந்த கதை

அடம் ஓப்பல் என்பவர் 1862இல் ஜேர்மனியின் றூசல்ஸ்ஹைம் நகரில் தொடங்கியது தையல் இயந்திரப் பட்டறை. பிறகு சைக்கிள், 1899இல்தான் மோட்டார் கார். 1929இல் இந்த நிறுவனத்தின் பெரும்பங்கை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் வாங்கிக்கொண்டது.

கடெற் என்ற பெயரில் முதற் கார் வந்தது 1936இல். போர் அதன் உற்பத்தியை 1940இல் நிறுத்தியது. போர் முடிந்ததும், நட்டஈடாக அந்தக் காரைச் சோவியத் ஒன்றியம் எடுத்துக்கொண்டு, மொஸ்க்விச் 400 என்ற பெயரில் அதே காரை மொஸ்கோவில் செய்தது. ஊரை இழந்து வேறு பெயரில் வேறு நாட்டில் வாழ்ந்த கார் என்று இதனைச் சொல்லலாம்.

ஓப்பல் மீண்டும் கடெற்றைச் செய்யத் தொடங்கியது 1962இல், போகும் நகரில். நிலக்கரிச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டுவந்த காலம் அது. மூடிய சுரங்கமொன்றின் நிலத்திலேயே தொழிற்சாலை எழுந்தது. சுரங்க வேலையை இழந்த பலர் அங்கே கார் பூட்டும் வேலை பழகினார்கள். அந்தத் தொழிற்சாலையும் 2014 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது.

இங்கு நாம் பேசும் கடெற், 1984இல் வெளிவந்து 1991வரை செய்யப்பட்ட "ஈ" வகை. 1985ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கார் என்ற விருதைப் பெற்றது. முதலில் பின்கதவு சரிந்த வகை வந்தது. 1985இல் தனியான பெட்டியறை கொண்ட நான்கு கதவு செடான் சேர்ந்தது. 1991இல் கடெற் என்ற பெயரை விட்டு, அஸ்ரா என்ற பெயரில் அடுத்த காரை ஓப்பல் இறக்கியது.

ஆனால் கடெற்றின் ஆயுள் அத்துடன் முடியவில்லை. இதே காரைத் தென்கொரியாவின் டேவூ நிறுவனம் 1986 முதல் தன் பெயரில் செய்தது. அதன் முகத்தைச் சற்று மாற்றி 1995இல் இந்தியாவில் "சியெலோ" என விற்றார்கள். அந்நாட்களில் சென்னையில் சியெலோவில் ஏறியவர்கள், தாம் ஏறியது போகும் நகரத்துக் கடெற்றின் தம்பி என்பதை அறிந்திருக்கமாட்டார்கள். உஸ்பெகிஸ்தானில் "நெக்சியா" என்ற பெயரில் இது 2016வரை செய்யப்பட்டது.

ஓட்டம் எப்படி?

செடானின் நீளம் ஏறக்குறைய 4.2 மீற்றர். எடை, சிறிய இயந்திர வகைகளில் 900 கிலோ அளவில். இன்றைய குடும்பக் கார்கள் பல 1300, 1400 கிலோவைத் தாண்டுகின்றன. பாரம் குறைந்தபடியால் சிறிய இயந்திரமே போதுமானதாக இருந்தது.

பரவலாக ஓடியது 1.3 லீற்றர் இயந்திரம். அதில் 60 குதிரைவலு வகையும் 75 குதிரைவலு வகையும் உண்டு. அதற்கு மேல் 1.6 லீற்றரும், டீசல் வேண்டுவோருக்கு 1.6 டீசலும் இருந்தன. 60 குதிரைவலுக் கார் மணிக்கு 155 கி.மீ. அளவு ஓடும், 75 குதிரைவலுக் கார் 170ஐ நெருங்கும். இது ஒரு வேகக் கார் அல்ல. ஆனால் டென்மார்க்கின் மோட்டார் வீதிகளில் 1992 முதல் 2004வரை அனுமதிக்கப்பட்ட வேகமே மணிக்கு 110 கி.மீ.தான். தேவைக்கு இது தாராளம்.

இன்னொரு சிறப்பு அதன் உருவம். கார் ஓடும்போது காற்று அதை எவ்வளவு தடுக்கிறது என்பதை ஓர் இலக்கத்தால் குறிப்பார்கள். இலக்கம் குறைந்தால் தடை குறைவு. கடெற்றுக்கு 0.32. அந்தக் காலத்துக் குடும்பக் காருக்கு இது மிக நல்ல அளவு. இதனாலும் எடை குறைவாலும், நிதானமாக ஓடினால் ஒரு லீற்றருக்கு 13, 14 கி.மீ. கிடைக்கும். செடானின் பெட்டியறையோ மிகப் பெரிது. பொங்கலுக்குப் பானை, அரிசி, கிடுகு தவிர மற்றதெல்லாம் ஏற்றலாம்!

ஊர்க் காரும் இந்தக் காரும்

ஊரில் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் ஆகியவற்றோடு பழகியவர்கள் எம்மில் பலர். 1990இன் பின் பெற்றோல் வராத யாழ்ப்பாணத்தில் இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள்.

அது எப்படி முடிந்தது? அந்தக் கார்களின் இயந்திரம் எரிபொருட் கலவையை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகத்தான் அமுக்கும். அமுக்கம் குறைவென்றபடியால் தரம் குறைந்த எண்ணெயையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். 75 குதிரைவலுக் கடெற் ஒன்பதில் ஒரு பங்காக அமுக்கும். அதில் மண்ணெண்ணெய் விட்டால் தட்டுச் சத்தம் வந்து இயந்திரம் கெட்டுவிடும். ஊர்க் கார் எதையும் தாங்கும், எவரும் திருத்தலாம். இந்தக் கார் கூடுதல் வலுவைத் தரும். ஆனால் சொன்னதைச் சொன்ன நேரத்தில் செய்துகொடுக்க வேண்டும்.

அப்படிச் செய்யவேண்டியதில் முதன்மையானது ரைமிங் பெல்ற். கடெற்றின் 1.3, 1.6 லீற்றர் பெற்றோல் இயந்திரங்களில் வால்வுகளை இயக்குவது பற்கள் கொண்ட ஒரு றப்பர் பட்டி. பழசானால் முன்னறிவித்தல் இன்றி அறுந்துவிடும். அறுந்தால் கார் அந்த இடத்திலேயே நிற்கும்; பல இயந்திரங்களில் வால்வுகளும் வளைந்துவிடும். கடெற்றில் தண்ணீர்ப் பம்பையும் இதே பட்டிதான் சுற்றுகிறது. ஆகவே பட்டியை மாற்றும்போது பம்பையும் மாற்றுவது புத்தி. இன்றைய கார்கள் பலவற்றிலும் இந்தப் பட்டி உண்டு. "எப்போது மாற்றினீர்கள், பற்றுச்சீட்டு உண்டா?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

உண்மையான எதிரி

கடெற்றின் இயந்திரம் நல்லது. ஒழுங்காக எண்ணெய் மாற்றினால் நெடுந்தூரம் ஓடும். அப்படியானால் வீதிகளை நிறைத்த அந்தக் கார்களெல்லாம் எங்கே? பெரும்பாலானவற்றை முடித்தது இயந்திரக் கோளாறு அல்ல, துரு.

இந்நாட்டில் குளிர்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுகிறார்கள். உப்பு நீர் காரின் அடிப்பாகத்தில் ஒட்டி, தகட்டை உள்ளிருந்து தின்னும். கடெற்றில் பின் சக்கரங்களின் மேல்வளைவும், கதவுகளுக்குக் கீழுள்ள நீள்பெட்டிப் பகுதியும் முதலில் போகும். வெளியே பெயின்ற் மினுங்கும். உள்ளே பலகாரம் போல் உதிரும்.

1998 முதல் டென்மார்க்கில் கார்களுக்குக் காலமுறைப் பரிசோதனை கட்டாயம். "சூன்" என்று டெனிஷ்காரர் சொல்வது இதைத்தான். புதிய காருக்கு நான்கு ஆண்டில் முதற் பரிசோதனை, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என இது நடைமுறைக்கு வந்தது. காரின் பாரத்தைத் தாங்கும் தகட்டில் துரு ஓட்டை இருந்தால், இயந்திரம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் கார் தேறாது. ஒட்டு வேலைக்குக் கேட்கும் கூலி காரின் விலையையே தாண்டிவிடும். எனவே கார் பார்க்கப் போகும்போது ஒரு ரோச் லைற்றும் ஒரு காந்தமும் கொண்டு போங்கள். சக்கர வளைவில் காந்தம் ஒட்டவில்லையென்றால் அங்கே இருப்பது தகடல்ல, பூச்சு. பெட்டியறையின் விரிப்பைத் தூக்கி, உதிரி ரயர் இருக்கும் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

தாளில் இருக்கும் துரு

துருவைவிடப் பொல்லாத ஒன்று உண்டு. எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம், பிள்ளை பிறக்கப் போகிறதென்று ஓராண்டாகச் சேர்த்த பணத்தில் ஒரு பழைய கார் வாங்கியது. கார் நல்ல கார். ஆனால் விற்றவர் அதன் மேல் கடன் எடுத்திருந்தார். சில மாதங்களில் கடன் கொடுத்த நிறுவனம் காரைக் கேட்டு வந்தது. சட்டம் அவர்கள் பக்கம். விற்றவர் போன இடம் தெரியாது. பணமும் போய், காரும் போய், அந்தத் தாய் வைத்தியசாலைக்குப் பஸ்ஸில் போய்வந்தார்.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. வாகனங்களின் மேலுள்ள கடனைப் பதியும் "பில்போகன்" என்ற பதிவேடு 1993இல் தொடங்கியது. அந்நாட்களில் அது இருந்தது எமது ஓகூஸ் நீதிமன்றத்திலேயே. இன்று ஹோப்ரோவிலுள்ள பதிவு நீதிமன்றத்தின் இணையப் பக்கத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். கடன் காரோடு சேர்ந்தே வரும்; விற்றவரோடு போகாது. கைகுலுக்கிப் பேசி முடித்த பிறகு அல்ல, பணம் கொடுக்கமுன் அன்றே பாருங்கள். காரின் கடைசிப் பரிசோதனை எப்போது, முடிவு என்ன என்பதையும் பதிவிலக்கத்தை வைத்து இலவசமாக அறியலாம்.

இன்னொன்று. "ஜேர்மனியில் இருக்கும் மச்சான் தன் பழைய காரைச் சும்மா மாதிரித் தருகிறார்" என்று சிலர் மகிழ்வார்கள். டென்மார்க்கில் கார் பதிவு வரி மிக உயர்ந்தது. 2015வரை அதன் மேற்படி 180 வீதமாக இருந்தது. பிறகு 150 ஆகக் குறைந்தது. இங்கு ஏற்கனவே பதிந்த பழைய காரின் விலைக்குள் அந்த வரி அடங்கியிருக்கிறது. எல்லை தாண்டி வரும் காருக்கோ, இந்நாட்டுச் சந்தையில் அதன் பெறுமதி என்னவோ அதைப் பார்த்து வரி கட்டவேண்டும். மச்சான் கேட்ட விலையைப் பார்த்து அல்ல. கணக்குப் பார்த்தபின் மச்சானுக்கு நன்றி சொல்லுங்கள். டீசல் கார் வாங்குவோர் ஓகூஸ் நகரின் உட்பகுதி சூழல் வலயம் என்பதையும் கவனிக்கவேண்டும். துகள் வடிகட்டி இல்லாத பழைய டீசல் வண்டிகளுக்கு அங்கு கட்டுப்பாடு உண்டு.

முடிவாக

இன்று கடெற்றைத் தேடி வாங்கும்படி நாம் சொல்லவில்லை. முதலில் வந்தவை 2019இலேயே 35 வயதை எட்டி, இந்நாட்டுக் கணக்கில் பழம்பெரும் வாகனங்களாகிவிட்டன. நீங்கள் பார்க்கப்போவது பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய அஸ்ராவாகவோ, கோல்ஃபாகவோ, பசாற்றாகவோ இருக்கலாம். பாடம் ஒன்றுதான்.

எம்மவர்கள் கார் பார்க்கப் போனால் முதலில் பொனற்றைத் திறந்து இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்பார்கள். சத்தம் நன்றாயிருந்தால் மனம் அங்கேயே விழுந்துவிடும். கடெற் எமக்குச் சொல்லித்தருவது அதற்கு மாறான ஒழுங்கு. முதலில் தாள், அடுத்து அடித்தகடு, கடைசியாக இயந்திரம். இயந்திரத்தைத் திருத்தலாம். தகட்டைச் சில வேளை ஒட்டலாம். தாளில் உள்ள கடனை எந்த மெக்கானிக்காலும் கழற்ற முடியாது.

இயந்திரத்தைப் பார்க்கும் முறைக்கும் ஒரு சொல்: காரைச் சூடாக்கி வைக்கவேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே கூறுங்கள். போனதும் பொனற்றில் கையை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த கார் ஒரு முறையில் ஸ்ராட் ஆகிறதா, புகை என்ன நிறம் என்பது அப்போதுதான் தெரியும். தனியாகப் போகாமல், டெனிஷ் வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் காரைப் பற்றித் தெரிந்த ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். இவ்விருவரும் எமது சமூகத்தில் தாராளமாக இருக்கிறார்கள். கேட்டால் வருவார்கள்.

அடுத்த இதழில் குளிர்கால ரயர்கள் பற்றிப் பார்ப்போம். அதுவரை நிதானமாக ஓடுங்கள்.