எஸ்.பி.எம். தேர்வில் கூடுதல் நேரம்: அநீதி எங்கே?

யு.பி.எஸ்.ஆர். 2021-இலும் பி.டி.3 2022-இலும் ரத்தானபின், தேர்வுச் சுமை எஸ்.பி.எம். மீது இறங்கியுள்ளது. 10ஏ பெற்றவர்களுக்கு இனவேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் என 2024-இல் அரசாங்கம் அறிவித்ததும் ஒவ்வொரு ‘ஏ’க்கும் மதிப்பு கூடிவிட்டது.

இந்தப் போட்டியில், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்குக் கூடுதல் நேரம் தருவது நியாயமா என்ற முணுமுணுப்பு எழுகிறது. எழுத்துகளைப் பிரித்தறியத் திணறும் பிள்ளைக்கு அந்த நேரம் தெரிந்ததை எழுத உதவும். தெரியாததைச் சொல்லித் தராது.

அநீதி வேறிடத்தில் இருக்கிறது. மருத்துவ உறுதிச் சான்று வேண்டும். வசதியுள்ளவர் தனியார் நிபுணரை நாடுகிறார். தோட்டத்துப் பிள்ளைக்கோ ‘சோம்பேறி’ என்ற பெயரே மிஞ்சுகிறது. தமிழ்ப்பள்ளிப் பருவத்திலேயே பெற்றோர் ஆசிரியரிடம் பேசி, அரசாங்க மருத்துவமனையில் பிள்ளையைக் காட்டுவது நல்லது. படிவம் 5-இல் ஓடினால் காலம் கடந்துவிடும்.