‘நாற்பதிலும்’ என்னும் உம்மை

‘நாற்பதிலும் இளமை’, ‘ஐம்பதிலும் அழகு’ என்பன பெண்கள் இதழ்களில் தேய்ந்துபோன தலைப்பு வாய்பாடுகள். இவற்றிலுள்ள உம்மை எவ்வகை உம்மை? தொல்காப்பியம் உம்மைக்கு எட்டுப் பொருள் வகுத்தது. அவற்றுள் சிறப்பும்மையை உயர்வு, இழிவு என இருவகையாகப் பகுப்பது இலக்கண மரபு. ‘நாற்பதிலும்’ என்பது ஐயத்திற்கிடமின்றி இழிவுசிறப்பும்மை. நாற்பதில் இளமைக்கும் அழகுக்கும் வழியில்லை என்ற முற்கோள் இல்லாவிட்டால் அத்தொடருக்குப் பொருளே இல்லை. வாசகியை முதலில் தாழ்த்திவிட்டே அது அவரைப் பாராட்டத் தொடங்குகிறது. மலையாளத்திலும் அதே ‘உம்’ அதே வேலையைச் செய்கிறது. திராவிட மொழிகளின் பொதுச்சொத்து இப்படியும் பயன்படுகிறது!

நடுவயது என்று இவ்விதழ்கள் காட்டுவது யாருடைய நடுவயது? கொச்சிக்கு எதிரேயுள்ள வைப்பின் தீவை எடுத்துக்கொள்ளலாம். மீன்பிடித் தொழிலைச் சார்ந்த இறால் உரிக்கும் கூடங்களில், பனிக்கட்டியில் கிடந்த இறாலை உரித்து உரித்து விரல் மரத்துப்போன பெண்கள் அங்கு உண்டு. கோஸ்ரீ பாலங்களைக் கடந்து எறணாகுளத்துத் துணிக்கடைகளுக்கு வேலைக்குச் செல்வோரும் உண்டு. மாதவிடாய் நிற்கும் பருவம் இவர்களுக்கும் வருகிறது. ஆனால் குளிரூட்டிய படுக்கையறை, தோல் மருத்துவர், யோகா விரிப்பு ஆகியவற்றோடு வருவதில்லை. ஈரத்தரையிலும், கழிப்பறைக்குச் செல்ல அனுமதி கேட்கும் இடத்திலும் வருகிறது.

‘இதழ் விற்பது கனவை, அதனிடம் கண்ணாடியைக் கேட்காதீர்கள்’ என்பது வழக்கமான மறுமொழி. நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணின் கனவு மீண்டும் இருபத்தெட்டாவதுதான் என்று முடிவுசெய்தவர் யார்? இந்திய விளம்பரத்துறை 2011 முதல் குடும்பங்களைத் தரம்பிரித்துவந்த முறையில் இரண்டே அளவைகள்: முதன்மை வருவாய் ஈட்டுபவரின் கல்வி, குறிப்பிட்ட 11 உடைமைகளுள் வீட்டில் எத்தனை உள்ளன என்பது. வாசகி என்ன வேலை செய்கிறார் என்பதை அது கேட்டதே இல்லை. இதழ் காட்டும் ‘சராசரி வாசகி’ இந்த அட்டவணையில் பிறந்தவர். குளிர்பதனப் பெட்டிக்கும் சலவை இயந்திரத்துக்கும் நடுவே நிற்கும் அவருக்கு முகம் தேவையில்லை.

பட்டுக்கடை விளம்பரங்களே இவ்விதழ்களின் உயிர்நாடி. அத்தகைய துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்றே விற்கும் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடினர். கோழிக்கோட்டின் ‘பெண்கூட்டு’ அதில் முன்னின்றது. கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் பின்தொடர்ந்தது. அண்மைக்காலக் கேரளத்தில் உழைக்கும் பெண்ணுடல் பற்றி நிகழ்ந்த முதன்மையான விவாதம் இது. புடவையை விரித்துக் காட்டுபவரும், வீடு திரும்பியபின் இரவல் வாங்கிய இதழைப் புரட்டுபவரும் ஒருவராகவே இருக்கக்கூடும். அவருடைய மூட்டுவலிக்கு இதழில் ஐந்து எளிய பயிற்சிகள் கிடைக்கும். பத்து மணிநேரம் அவரை நிற்கவைத்த கடையின் விளம்பரம் பின்னட்டையில் இருக்கும்.